சாவிக்கடைப் பலகை

நகர நலன் மன்றத்தில் ஒரு விதி உண்டு. கோரிக்கையில் தெருவின் பெயர் இருந்தால் அது புகார். இல்லாவிட்டால் அது கொள்கை. புகார் கொடுக்க யாராலும் முடியும் என்பதால், மன்றம் கொள்கைகளோடு நிறுத்திக்கொண்டது.

தையற்காரம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் மன்றத்துக்குக் கொண்டுபோனது ஒரு பெஞ்சு.

அவள் கணவர் வேலைக்காலம் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். பேருந்துக்குக் காத்திருப்பது எப்படிப்பட்டது என்று ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அதிக நேரம் நிற்க முடியாது. ஆனாலும் காலையில் பணிமனைக்குப் போய், பழைய சகாக்களோடு வாயாடிவிட்டு மதியம் திரும்புவார். பேருந்து வரும்வரை, நிறுத்தத்தை ஒட்டிய சாவிக்கடைக்கு முன்னால் செங்கல்மேல் கிடந்த பலகையில் உட்கார்ந்திருப்பார். பலகை ஆடும். அதனால்தான் பெஞ்சு.

வீட்டிலேயே இருந்தால் அவர் தையல் இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, “மெல்ல, மெல்ல, வளைவு வருது” என்று அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதுகூடச் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்கள்தான் அவளைப் பயமுறுத்தின.

மன்றத்தின் ‘முன்னுரிமை நாள்’ அன்று சுவர் முழுக்கக் காகிதங்கள் ஒட்டியிருந்தார்கள். ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டுகள். பிடித்த கோரிக்கையின்மேல் ஒட்டலாம். தலைவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றும் சொல்வதற்கு முன்பே “ஆக” என்று முடிவுரையைத் தொடங்கிவிடுவார். அவள் கோரிக்கையை வாங்கிப் படித்து, முதலில் ‘சாவிக்கடை’யை அடித்தார். பிறகு ‘நிறுத்த’த்தை அடித்தார். மிச்சமிருந்த பெஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆக, பெஞ்சுங்கறது தீர்வும்மா. நாம பிரச்சினையோட நிக்கணும்.”

பெஞ்சும் போயிற்று. அந்த வெற்றிடத்தில் வழக்கறிஞரான செயலாளர் ‘அமர்வுரிமை’ என்று எழுதினார். அறை கைதட்டியது. தான் தைத்த சட்டையைப் பெரிய கடையின் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைமேல் பார்த்ததுபோல் இருந்தது தையற்காரம்மாவுக்கு. அழகாகத்தான் இருந்தது, தன்னுடையதுதானா என்று மட்டும் நிச்சயமில்லை.

இரண்டு பொட்டுகளை அதன்மேல் ஒட்டினாள். பக்கத்தில் இருந்த, இரட்டைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்திருந்த பெண், “உங்களுக்கு நான் ஒண்ணு போட்டேங்க்கா” என்றாள். அப்புறம் என்ன செய்வது? மூன்றாவது பொட்டு அவளுடைய ‘தடையற்ற நடைபாதை’க்குப் போயிற்று. அமர்வுரிமை முதலிடம்; தடையற்ற நடைபாதை இரண்டாமிடம்.

நகராட்சி இரண்டையும் முழுமனதாக ஏற்றுக்கொண்டது. முதலாவதை ஆராய ஒரு குழு போட்டார்கள். இரண்டாவதற்குக் குழு தேவைப்படவில்லை. லாரி சும்மாதான் நின்றது. அது அந்த வாரமே வந்து பூந்தொட்டிகள், விளம்பரப் பலகைகள், ஒரு சைக்கிளின் எலும்புக்கூடு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. சாவிக்கடைப் பலகையும் போனது. செங்கற்களையும் விடவில்லை.

சாவிக்கடைக்காரர் அவளிடம் வருத்தப்பட்டார். அவள் கணவர் இரண்டு நாள் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாராம். மூன்றாம் நாள் வரவில்லையாம். “யாரோ மன்றத்துக்காரங்க எழுதிக் குடுத்தாங்களாம், அண்ணி. வேற வேலை இல்லாதவங்க.”

“ஆமாம்” என்றாள் அவள்.

வீட்டில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே ஒரு வளைவைக் கோணலாகத் தைத்துப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் தலைவர், இரண்டாம் முன்னுரிமை சாதனை வேகத்தில் நிறைவேறியதாக அறிவித்தார். தையற்காரம்மா எழுந்து, போன பலகையில் யார் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னாள். அந்த முன்னுரிமைக்கு விழுந்த பொட்டுகளில் ஒன்று தன்னுடையது என்பதையும் சொன்னாள். அறை அனுதாபமாக உச்சுக்கொட்டியது. ஆக, அது முதலாம் முன்னுரிமைக்குள் வருகிறது, குழு பார்த்துக்கொள்ளும் என்றார் தலைவர்.

அவள் வாதாடவில்லை. அமர்வுரிமைக்காக அடுத்த கூட்டத்தை அந்த நிறுத்தத்திலேயே நடத்தலாமே என்று கேட்டாள். கள ஆய்வு என்றால் மன்றத்துக்கு உயிர். செயலாளர் உடனே தேதி குறித்தார். நாற்காலி கொண்டுவருவதா என்று யாரோ கேட்டதற்கு, நடைபாதையில் பொருள் வைப்பது நம் இரண்டாவது கொள்கைக்கே விரோதம் என்று செயலாளரே தீர்ப்பளித்தார்.

வெயில் ஏறிய நேரத்தில் கூட்டம் தொடங்கியது. தலைவர் உரிமைகளின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தார். வரலாறு பாதி வழியைத் தாண்டுவதற்குள் உறுப்பினர்கள் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறத் தொடங்கினார்கள். செயலாளர் நிறுத்தத்தின் தூணில் சாய்ந்தார். தள்ளுவண்டிப் பெண் தன் குழந்தைகளைப் பொறாமையோடு பார்த்தாள். தலைவரின் “ஆக”க்களுக்கு இடையே மூச்சு வாங்கியது. கடைசியில் அவர் பேச்சை நிறுத்தி, தாழ்ந்த குரலில் அவளிடம் கேட்டார்:

“உக்கார ஏதாவது இருக்காம்மா இங்க?”

“அமர்வுரிமை இருக்குங்க ஐயா.”

சாவிக்கடைக்காரர் தன் முக்காலியை உள்ளிருந்து நீட்டினார். தலைவர் அதில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அவருக்கும் முழங்கால் இருப்பது மன்றத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

“செயலாளரே, எழுதுங்க” என்றார். “ஒரு பெஞ்சு. இந்தத் தெரு, இந்த நிறுத்தம், சாவிக்கடைக்கு முன்னால.”

“ஐயா, அப்படி எழுதினா அது புகார் ஆயிடும்.”

“ஆகட்டும்.”

முதல்முறையாக அவருடைய “ஆக” எதையும் முடித்துவைக்கவில்லை.

கொள்கைகள் நகராட்சியின் மாடிக்குப் போகும். புகார்கள் தரைத்தளத்தோடு நின்றுவிடும். கருவிகளும் ஆட்களும் இருந்தது தரைத்தளத்தில்தான். மழைக்காலம் தொடங்குவதற்குள் பெஞ்சு வந்துவிட்டது. மன்றத்தின் ஆண்டறிக்கை அதை அமர்வுரிமைக் கொள்கையின் முதல் வெற்றி என்று குறித்துக்கொண்டது. மாடியில் குழு இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

முதல் நாள் தையற்காரம்மாவும் கணவரோடு போனாள். அவர் உட்கார்ந்து, முன்னும் பின்னும் அசைந்து பார்த்தார். பெஞ்சு ஆடவில்லை.

“பலகைதான் நல்லா இருந்துச்சு” என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரிப்பு தெரியக்கூடாதென்று. பேருந்து வந்தது. அவர் கைப்பிடியைப் பற்றி ஏறினார். ஏறியதும் ஓட்டுநரிடம் குனிந்து ஏதோ சொன்னார். தெருமுனையில் வண்டி மெல்ல, மெல்ல வளைந்தது.