ஹேசல் முகம் திருப்பும் வரை

கென்டக்கியில் குதிரை வளர்க்கிறவர்கள் மூன்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். லோர்னா டாக்கெட்டின் பெண்குதிரை ஹேசல் நாலு வருஷம் சினை நிற்காமல் இருந்து ஐந்தாம் வருஷம் போட்ட குட்டி, மூன்றிலும் தேறிவிட்டது. அப்புறம் தாடையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தால் என்னவாம்?

"வயித்துக்குள்ள அதோட குளம்பே பட்டு அமுக்கியிருக்கும். ரெண்டு நாள்ல வத்திரும்" என்றாள் லோர்னா.

"டாக்டரக் கூப்பிட்டா கொறஞ்சா போயிருவ?" என்றான் அவள் கணவன் வெர்ஜில்.

"மூணும் தேறின குட்டியக் காட்டினா அந்தாளு சிரிப்பாரு. நீ போய் உன் டிராக்டரப் பாரு."

முப்பது வருஷமாகக் குட்டி எடுக்கிற கை. அந்தக் கைக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை.

ஐந்தாம் நாள் காலையில் வீக்கம் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வந்துவிட்டது. குட்டி மடியில் வாய் வைத்தால் பால் உள்ளே போகாமல் கடைவாய் வழியே வழிந்தது. டாக்டர் ப்ரூயிட் வந்தார். தடவிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கட்டி, லோர்னா. தாடை எலும்புக்குள்ளயே வளந்திருக்கு. பொறக்கும்போதே இருந்ததுதான். இருபத்தாறு வருஷத்துல எனக்கு இது ரெண்டாவது."

"வெட்டி எடுத்துருங்க."

"எடுத்தா தாடை மிஞ்சாது. விட்டா மூச்சையும் அடைச்சிரும்."

"மொத நாளே உங்களக் கூப்பிட்டிருந்தா?"

"அன்னைக்கும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

அதைக் கேட்டு அவள் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. தப்பு தன்னுடையது என்றால் தன்னையாவது திட்டித் தீர்த்திருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை. வலியில்லாமல் முடித்துவைக்கிற ஊசியை டாக்டர் போடும்போது குட்டியின் தலையை அவளே மடியில் தாங்கிக்கொண்டாள்.

செத்த குட்டியை அங்கே உடனே எடுக்க மாட்டார்கள். தாய் மோந்து, நக்கி, தானாக முகத்தைத் திருப்பிக்கொண்டு தீவனத்துக்குப் போகும்வரை வைக்கோலிலேயே விட்டுவைப்பார்கள். அதற்கு முன்னால் எடுத்தால் நாள்கணக்கில் கனைத்துத் தேடும், சுவரை உதைக்கும். ஹேசல் குட்டியை நக்கினாள், மூக்கால் நெம்பி எழுப்பப் பார்த்தாள். மடியிலிருந்து பால் சொட்டிக்கொண்டே இருந்தது.

"எழுந்திருக்க மாட்டான்டி, பாவி மகளே" என்று சொல்லிவிட்டு லோர்னா வாய்விட்டு அழுதாள்.

மத்தியானம் வெர்ஜில் டிராக்டரோடு வந்து லாயத்து வாசலுக்கு வெளியே நின்றான். தோட்டத்து மூலையில் குழி வெட்டி முடித்திருந்தான்.

"திரும்பிட்டாளா?"

"இன்னும் இல்ல. நீ போ" என்றாள் உள்ளேயிருந்து.

அவன் அரைக்கதவின் மேலாக எட்டிப் பார்த்தான். ஹேசல் அந்தப் பக்க மூலையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு புல்லை மென்றுகொண்டிருந்தாள். லோர்னா குட்டியின் தலையை இன்னும் மடியில் வைத்தபடி, அதன் காதில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் போய் டிராக்டரை அணைத்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சரி" என்றான். "அவளுக்கு எப்பத் தோணுதோ அப்பத் திரும்பட்டும்."