முணுக்கீன் என்று பெயர் வந்த வழி

1.

இந்தக் கதை துக்கத்தில் பிறந்ததல்ல, வயிற்றெரிச்சலில் பிறந்தது. கணவர் இறந்த துக்கம் விசாரிக்க வந்த, 'கண்ணாடி' என்று எல்லோரும் கூப்பிடும் பையன், டீ ஆறுவதற்குள் உளறிவிட்டான். சாய ஆலையின் ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்தவன்.

"அண்ணன் கண்டுபிடிச்ச சாயத்துக்கு உங்க பேருதான் அண்ணி. முணுக்கீன்."

முணுக்கென்றால் எனக்குக் கோபம் வந்துவிடுமாம். அதனால் வீட்டில் நான் முணுக்கு. அதோடு கஃபீன், நிக்கோட்டீன் மாதிரி ஓர் 'ஈன்' ஒட்டி வேதியியலாக்கிவிட்டார் மனிதர்.

2.

(முதல் தொடக்கம்: 'செந்நிற மாலையில் ஒரு விதவை சன்னலோரம்...' கைவிட்டேன். எங்கள் சன்னல் எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்கிறது.)

கட்டுரையாகத் தொடங்கலாமா? பார்பிட்யூரிக் அமிலம் என்று ஒன்று உண்டு. பார்பரா என்ற புனிதையின் பெயர் அது என்பார் சிலர். அதைக் கண்டுபிடித்தவருக்கு அதே பெயரில் இருந்த தோழி என்பார் சிலர். தோழியைக் கேட்டார்களா என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

3.

என்னை ஆலைக்காரர்கள் கேட்டார்கள். ஆய்வக அலமாரியை ஒழுங்குபடுத்துகிறார்களாம். நான் வேண்டாமென்றால் பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுவிடுவார்கள். அந்தப் பெயர் கொஞ்சலா, குத்தலா என்று தெரியாமல் என்ன சொல்ல? விளக்க வேண்டிய ஆள் சுவரில் படச் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆய்வகத்துக்கே போனேன்.

"எதிலயும் லேசுல கரையாதும்மா. நாத்தம் வேற. அதான் அந்தப் பேரு," என்றார் மேலாளர். ஆறுதல் சொல்வதில் கைதேர்ந்தவர்.

அவர் நகர்ந்ததும், "அவரு கெடக்கறாரு அண்ணி," என்ற கண்ணாடி, அந்தச் சாயம் இருந்த சோதனைக் குழாயை எடுத்து ஒரு சொட்டு அமிலம் விட்டான். முணுக்கென்று சிவந்தது.

"வீட்டுல ஒருத்தி போதாதுன்னு இங்கயும் ஒண்ணா?" என்றேன்.

"இருங்க அண்ணி. நாங்க குழாயைக் கழுவப் போனா அண்ணன் அதட்டுவாரு. 'நில்லுடா, இப்பத் தெளிஞ்சிடும்'பாரு. தெளியற வரைக்கும் பக்கத்துலயே நிப்பாரு."

நின்றோம். சிவப்பு மெல்ல வெளிறித் தண்ணீர்போல ஆயிற்று. (வெளுத்துப்போகும் சாயத்தை எந்த ஆலை விற்கும்? என் வீட்டுக்காரரின் வியாபார மூளை அப்படி.)

4.

முடிவு அ: அவள் அழுதாள். (கோடு போட்டு அடித்துவிட்டேன். அமில நெடி கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.)

முடிவு ஆ: "எண்ணே போதும்" என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று... (இதுவும் பாதியில் நின்றது.)

மேலாளர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். பெயர் இருக்கட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு இப்போது கோபம். பேசாமல் படத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டவர்மேல்தான். தானாகத் தெளிந்துவிடும், தெரியும். அதுவரை பக்கத்தில் நிற்கத்தான்...