யாரும் நம்பாத விளம்பரம்

விளம்பரக் கம்பெனியில் அவருக்கு ‘ஒருவரி’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஒரு பொருளை விற்க ஒரு வரி போதும், அதற்கு மேல் எழுதினால் படிக்கிறவன் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவான் என்பது அவருடைய கொள்கை. அந்த ஒரு வரிக்காகக் காலையில் வந்ததிலிருந்து ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சும்மா இருப்பதற்கும் சம்பளம் கொடுக்கும் ஊர் இது என்று கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் பேசிக்கொள்வார்கள். அவர்கள் சொன்னதிலும் பெரிய தப்பில்லை. பல்பொடிக்கு எழுதினார், குடைக்கு எழுதினார், செருப்புக்கு எழுதினார். எதுவும் எடுபடவில்லை. அந்தக் குடைக் கம்பெனி மழைக்காலத்திலேயே மூடிப் போனது.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் மெத்தை வந்து வாய்த்தது.

“ஒரே ராத்திரி. முதுகுவலி போயே போச்சு.”

இவ்வளவுதான் வரி. பக்கத்தில் ஒரு வாலிபன் கைகளை உயர்த்திச் சோம்பல் முறிக்கிற படம். பிறந்ததிலிருந்து முதுகுவலி என்றால் என்னவென்றே தெரியாத வாலிபன். வரியின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள். அதற்கு விளக்கம் விளம்பரப் பலகையின் அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது: ‘பலன் ஆளுக்கு ஆள் மாறுபடலாம்.’ அதைப் படிக்க வேண்டுமானால் ஏணி வைத்து ஏற வேண்டும். முதுகுவலிக்காரன் எந்தக் காலத்தில் ஏணியில் ஏறினான்?

மெத்தை வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஊரைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் பலகை. ஒருவரிக்குச் சக்கரம் வைத்த நாற்காலி கிடைத்தது. கணக்குப் பிரிவுக்காரர்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இவர் மட்டும் என்ன விதிவிலக்கா? வீட்டுக்கு நேர் வழி இருக்க, தன் பலகை இருக்கிற சாலையாகப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போனார். சிக்னலில் நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு வயிறு நிறைந்துவிடும்.

இந்தச் சமயத்தில்தான் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தார். மெத்தையில் ஒரு ராத்திரி படுத்தாராம். வலி போகவில்லையாம். பல ராத்திரி படுத்தாராம். கூடிப்போனதாம். விளம்பரம் மக்களை ஏமாற்றுகிறது, பலகைகளை இறக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

முதலாளி ஒருவரியைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். பலகை இறங்கினால் மெத்தைக் கம்பெனி வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடும். மெத்தை போனால் இந்தக் கம்பெனியில் ஒருவரிக்கு என்ன வேலை? ஐம்பதை நெருங்குகிற ஆளை, குடைக்கும் செருப்புக்கும் எழுதித் தோற்றவரை, வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? இதை முதலாளி சொல்லவில்லை, ஒருவரியே சொல்லிக்கொண்டார்.

மெத்தைக் கம்பெனியின் வக்கீல் கெட்டிக்காரர். புகாரைப் படித்துவிட்டுச் சிரித்தார். வழக்கு ரொம்பச் சுலபம், இந்த வரியை யாருமே நம்பவில்லை என்று காட்டிவிட்டால் போதும் என்றார். யாரும் நம்பாத பேச்சு எப்படி ஏமாற்று ஆகும்? காதலன் காதலியை நிலவு என்கிறான், அவள் போய் வானத்திலா ஏறி உட்காருகிறாள்? அது மாதிரி இது ஒரு அலங்காரம். மூளையுள்ள எந்த மனிதனும் இதை நிஜம் என்று எடுத்துக்கொள்ள மாட்டான்.

ஒருவரிக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் மெத்தைக் கம்பெனிக்காரர்களைக் கூட்டி உட்கார வைத்து, சுவரில் படம் காட்டி, மக்கள் இந்த வரியை எவ்வளவு நம்புகிறார்கள் என்று விளக்கியிருந்தார். நம்புகிறார்கள், அதனால் வாங்குகிறார்கள் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தார். வக்கீல் அந்தப் படங்களை உடனே அழிக்கச் சொன்னார். ஒருவரி தன் கையாலேயே அழித்தார். ஆயுசில் முதல் தடவையாக ஊர் நம்பிய ஒரு வரியை எழுதியவர், அதை ஊரே நம்பவில்லை என்று நிரூபிக்க ஓட வேண்டியதாயிற்று. பிழைப்பு என்று வந்துவிட்டால் மனிதன் எதைத்தான் செய்ய மாட்டான்?

வக்கீலுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. மெத்தை வாங்கியவராக இருக்க வேண்டும், விளம்பரத்தை நம்பாதவராகவும் இருக்க வேண்டும். சாதாரண ஆளாக, பார்த்தாலே நல்லவர் என்று தெரிகிற ஆளாக இருந்தால் விசேஷம். ஒருவரிக்கு உடனே மாமனார் ஞாபகம் வந்தது. எழுதியவரின் சொந்தக்காரர் என்றால் எடுபடுமா என்று தயங்கிக் கேட்டார். வக்கீலுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்காரர்களே நம்பவில்லை என்றால் ஊர் எப்படி நம்பும் என்றார்.

மாமனார் வெளியூர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்துத் தெருவில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். அதிகம் பேச மாட்டார். கண்டக்டரோடு கூடப் பேசாமல் ஒரு வேலைக்காலத்தையே ஓட்டி முடித்தவர் என்று மகள் சொல்லிச் சிரிப்பாள். மெத்தை வந்த புதிதில் யாரிடமும் சொல்லாமல் அவரும் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, நல்லா இருக்கு மாப்பிள்ளை என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பஸ் நிலையத்தில் எத்தனையோ புளுகர்களைப் பார்த்த மனிதர், லேசில் ஏமாறுகிறவர் இல்லை என்று ஒருவரி கணக்குப் போட்டார்.

அவர் போனபோது மாமனார் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். ஒருவரி நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். வேலை போய்விடும் நிலைமையையும் ஒளிக்காமல் சொன்னார். மகளுக்கு இன்னும் தெரியாது, சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மாமனார் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

“நான் அந்த விளம்பரத்தை நம்பலைன்னு சொல்லணும். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான் மாமா.”

“அப்படிச் சொன்னா உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஆகாது மாமா.”

“சரி, சொல்லிடறேன்.”

ஒருவரிக்கு உயிர் வந்தது. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தார்.

விசாரணை நடந்த அறையில் மின்விசிறி ஒன்று தன் பங்குக்கு முனகிக்கொண்டிருந்தது. மன்றத் தலைவி கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்திருந்த அம்மாள். ஆசிரியை முதலில் பேசினார். படித்தவள்தான் நான், ஆனாலும் அவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தால் யாராவது சரிபார்த்துத்தானே போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன் என்றார். வக்கீல் எழுந்தார். பல்பொடி விளம்பரத்தில் பல் வெளிச்சத்தில் வீடே மின்னுகிறதே, அதைப் பார்த்துவிட்டு அம்மா வீட்டில் விளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டார். அறை சிரித்தது. ஆசிரியை தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒருவரியும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் முதலாளி பார்ப்பாரே.

அடுத்து மாமனார். உட்காரச் சொன்னார்கள். பரவாயில்லைங்க, நின்னுக்கிறேன் என்றார். சபைக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார் பார் என்று ஒருவரிக்குப் பெருமையாக இருந்தது.

மெத்தை வாங்கினீர்களா என்று வக்கீல் கேட்டார். வாங்கினேன். விளம்பரத்தைப் பார்த்தீர்களா? பார்த்தேன். அதில் எழுதியிருந்ததை நம்பினீர்களா?

மாமனார் ஒரு தடவை மருமகனைப் பார்த்தார்.

“நம்பலைங்க. விளம்பரம்தானே.”

வக்கீல் மனநிறைவோடு உட்காரப் போனார். அதற்குள் தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, நம்பவில்லை என்றால் பிறகு ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டார். இந்தக் கேள்விக்கு யாரும் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

மாமனார் யோசித்தார். முன்னால் லாரி மறித்து நின்றால் ஓட்டுநர் எவ்வளவு யோசிப்பாரோ அவ்வளவுதான்.

“அதை எழுதினவர் எங்க மாப்பிள்ளைங்க. நாலு பேர் வாங்கினாத்தானே அவர் பிழைப்பு ஓடும். அதுக்காக வாங்கினேன். மத்தபடி அவர் சொல்றதை எங்க வீட்டுலயே யாரும் நம்பறதில்லைங்க.”

தலைவியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். எழுதுகிற குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். ஒருவரிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வேலை பிழைத்தது, மானம் போனது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் செய்து முடித்துவிட்டு மாமனார் மெல்ல நடந்து போய்ச் சுவரோரம் சாய்ந்து நின்றார்.

மதியத்துக்கு மேல் உத்தரவு வந்தது. இது வெறும் மிகைப்பேச்சு, சாதாரண அறிவுள்ள எவரும் இதை உண்மை என்று நம்பமாட்டார்கள், ஆகவே யாரும் ஏமாற்றப்படவில்லை, புகார் தள்ளுபடி. ஆசிரியை பையை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

வராந்தாவில் மெத்தைக் கம்பெனி மேலாளர் ஒருவரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் முகத்தில் ஒரு புது வெளிச்சம். யாரும் நம்பமாட்டார்கள் என்று மன்றமே எழுதிக் கொடுத்துவிட்டது, இனிமேல் நமக்கு என்ன கஞ்சத்தனம் என்றார். எதற்கு ஒரு ராத்திரி வரை காத்திருக்க வேண்டும்? அரை மணி நேரம் என்று மாற்றிவிடலாம். கழுத்துவலி, முழங்கால்வலி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். முதலாளியும் தலையாட்டினார். நாளைக் காலைக்குள் புது வரி வேண்டும் என்றார். ஒருவரியும் சரி என்றார். வேறு என்ன சொல்வார்?

மாமனாரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஏற்றுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. மாமனார் கதவைப் பிடித்துக்கொண்டு, முதலில் இடுப்பைத் திருப்பி வைத்து, பிறகு ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் செய்தார். ஒருவரி இதைக் கவனித்தார். ஆனால் அவர் மனதில் இன்னும் அந்தச் சிரிப்பே ஓடிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு அடக்க முடியாமல் சொன்னார்.

“நம்பலைன்னதோட நிறுத்தியிருக்கலாம் மாமா. வீட்டுலயே யாரும் நம்பறதில்லைன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்க வேணாம்.”

மாமனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பலகை ஒன்று வந்து பின்னால் போனது.

“மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. ஆரம்பிச்சிட்டேன், எங்க பிரேக் போடறதுன்னு தெரியலை.”

ஒருவரி திரும்பிப் பார்த்தார்.

“அப்போ நம்பினீங்களா?”

“நம்பாம? ஆயுசு பூரா ரோட்டோரப் போர்டைப் பார்த்துத்தானே வண்டி ஓட்டினேன். வளைவுன்னு எழுதியிருந்தா வளைவு இருக்கும். பாலம்னு எழுதியிருந்தா பாலம் இருக்கும். இருட்டுலயும் மழையிலயும் அதை நம்பித்தானே அத்தனை ஜனத்தையும் கொண்டு போய் எறக்கினேன். ரோட்டோரத்துல யாராவது பொய் எழுதி வைப்பாங்களா? அதுலயும் நீங்க எழுதினது.”

டாக்டர் கொடுத்த இடுப்புப் பட்டியையும் அவர் சொன்ன பயிற்சியையும் மெத்தை வந்த அன்றே விட்டுவிட்டாராம். ஒரு ராத்திரியில் போகப்போகிற வலிக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்தாராம். மறுநாள் வலித்தபோது யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாப்பிள்ளைக்குத்தானே கெட்ட பெயர். இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, அதனால் பெரும்பாலும் நின்றுகொண்டே இருக்கிறேன் என்றார். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

ஒருவரிக்கு வண்டியை ஓரம் கட்ட வேண்டும் போல இருந்தது. கட்டவில்லை. எல்லாமே பொய் மாமா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து நான் இட்டுக்கட்டியது, நாளைக்கே டாக்டரிடம் போவோம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

“ஒண்ணு கேக்கலாமா மாப்பிள்ளை?” என்றார் மாமனார். குரலில் ஒரு கூச்சம் இருந்தது. “கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைச்சேன். எனக்குத்தான் சரியாப் படுக்கத் தெரியலை போல. அதுல எந்தப் பக்கமா படுக்கணும்?”

சிக்னல் சிவப்பானது. ஒருவரி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்த மனிதர் ஒருவர்தான் உலகத்தில் தன்னை இப்படி நம்புகிறார், அந்த நம்பிக்கையைத் தன் வாயாலேயே உடைப்பதா என்று ஒரு பாழாய்ப்போன ஆசை உள்ளே எழுந்தது. அது ஆசையா, பயமா, பழக்கமா என்று அவருக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

“இடது பக்கம் மாமா. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துப் பாருங்க.”

மாமனார் முகம் தெளிந்தது. இத்தனை நாளும் மல்லாந்தே படுத்துக்கொண்டிருந்தேனே என்று தலையில் லேசாகத் தட்டிக்கொண்டார். சிக்னல் மாறி வண்டி நகர்ந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தவர், பிறகு மெதுவாகச் சொன்னார்:

“இதையும் போர்டுலயே எழுதியிருக்கலாம் மாப்பிள்ளை. பாவம், அந்த டீச்சரம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கும்.”