மோனிகாவின் வசனம்

எங்கள் கம்பெனியில் வருடாவருடம் பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். அதில் அடிபடுகிற தொழிலாளி எப்போதும் தன் தவறால்தான் அடிபடுவார். மெஷின் பச்சைக் குழந்தை, ஒரு பாவமும் அறியாது. அக்கவுண்ட்ஸில் சிவனே என்று இருந்த என்னை, பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த பாவத்துக்கு, இயக்குநராக்கிவிட்டார்கள்.

இந்த முறை அடிபடும் வேடத்தை, தற்காலிக வேலையில் இருக்கும் மோனிகாவுக்குக் கொடுத்தார் எச்.ஆர். அந்த மனிதருக்கு இரக்கம் மருந்துக்கும் கிடையாது. போன வருடம் அவள் கணவர் ஜெபாவின் மூன்று விரல்கள் போனது எங்கள் பிரஸ் மெஷினில்தான். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சரை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னது மேலிடம். அன்றிலிருந்து ஜெபா வீட்டில் இருக்கிறார். இப்போது அவர் மனைவி மேடையில் சொல்ல வேண்டும்: "கவனம் தப்பியது என் தப்புதான்." ஒழுங்காக நடித்தால் வேலை நிரந்தரமாம்.

கேன்டீனில் ஒத்திகை.

"ரிகர்சல்னா இன்னா அர்த்தம் திலகாக்கா?" என்றாள் மோனிகா. "ஊட்லயும் இதையே சொல்லிக்கினு வாய் வலிக்குது."

"பழைய பிரெஞ்சு வார்த்தை. உழுத நிலத்தை மறுபடி பல்லுக்கலப்பை போட்டுக் கிளறுறது. அப்புறம் சொன்னதையே திருப்பிச் சொல்றதுக்குப் பேராச்சு. கடைசியில நாடகக்காரங்க எடுத்துக்கினாங்க."

"கரெக்டாதான் வச்சிகிறாங்க. உள்ள கெளர்துக்கா."

"வசனத்தை மாத்திடவா?"

"வாணாங்க்கா. பர்மனென்ட் ஆவணும்."

நாடகத்தன்று குடும்பத்தையும் அழைத்திருந்தார்கள். ஜெபா முன்வரிசையில் இருந்தார். சைரன் ஊதியது. மோனிகா கையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். அடுத்தது அந்த வசனம்.

அவள் வாயைத் திறக்கவில்லை. சொல்லாதே என்று என் மனம் அடித்துக்கொண்டது. சொல்லாவிட்டால் வேலை போச்சே என்றும் அடித்துக்கொண்டது. எச்.ஆர். நாற்காலியை விட்டு எழத் தொடங்கினார்.

அதற்குள் ஜெபா எழுந்துவிட்டார். விரலில்லாத கையைத் தூக்கிக்கொண்டு உரக்கச் சொன்னார்: "கவனம் தப்பியது என் தப்புதான்!"

வீட்டில் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. ஒரு சொல் பிசகவில்லை.

இதுவும் நாடகம்தான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. மோனிகா மேடையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்கும் தட்டினார்கள்.

எச்.ஆர். ஓடிவந்து என் கையைக் குலுக்கினார். "செம ஐடியா மேடம்! அடுத்த வருஷமும் அவரையே போட்டுடலாம்."