வெட்டி எடுத்த பதில்

பேய் வந்த பிறகு யார் வேண்டுமானாலும் பயப்படுவார்கள். அது வருவதற்கு முன்னாலேயே பயந்துவிட வேண்டும். அதுவும் எதற்குப் பயப்படுகிறோம் என்றே தெரியாமல். இயக்குநர் அஸார் இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். சொல்வது சுலபம். செய்துகாட்ட வேண்டியவள் எடிட்டர் ஜெயபாரதி. எத்தனையோ வருஷம் மற்றவர்களிடம் உதவியாளராக மாரடித்துவிட்டு, முதன்முதலாகத் தன் பெயரில் அவள் வெட்டித் தொகுக்கும் பேய்ப்படம் இது.

ஆரம்பக் காட்சியில் பெரிதாக ஒன்றுமே இல்லை. பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீடு. பொழுது சாய்கிற நேரம். கொல்லைக் கதவில் ஒருத்தி வந்து நின்று, விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். மூன்று தடவை கூப்பிடுகிறாள். பிள்ளை வரவில்லை. கேமரா அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தோப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு படத்தின் பெயர். அவ்வளவுதான்.

டப்பிங் பேசிய நடிகை நல்ல திறமைசாலி. காரியம் கெட்டதே அதனால்தான். முதல் கூப்பாட்டிலேயே குரலை நடுங்கவைத்துவிட்டாள். கூப்பிடுகிறவளே பயந்துவிட்டால் பார்க்கிறவனுக்கு என்ன வேலை? அவன் பாட்டுக்குப் பாப்கார்னைக் கொறிப்பான். முதல் கூப்பாட்டில் சோறு ஆறுகிறதே என்ற கவலை மட்டும் போதும். அடுத்ததில் எரிச்சல். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் எரிச்சல். பயம் அவளுக்கு வரவே கூடாது, நமக்குத்தான் வர வேண்டும். ஜெயபாரதிக்கு இது நன்றாகத் தெரிந்தது. அப்படிக் கூப்பிடுகிற குரல் ஒன்று அவள் போனிலேயே இருப்பதும் தெரிந்தது.

அது அவள் அண்ணி ஈஸ்வரியின் குரல். பொங்கலுக்கு என்ன கலரில் புடவை எடுக்கட்டும் என்று கேட்டு எப்போதோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். பேச்சின் நடுவே அண்ணி கொல்லைப் பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டிருந்தாள். "தம்பீ, சாப்புட வா." கொஞ்சம் பொறுத்து, "டேய், சோறு ஆறுதுடா." அப்புறம், "இப்ப வரியா, இல்ல நான் கம்பெடுத்துக்கிட்டு வரட்டுமா?" அதன் பிறகு ஒரு சின்ன இடைவெளி. பிறகு தூரத்திலிருந்து செழியன், "தோ வந்துட்டேம்மா!"

அந்தப் பொங்கலுக்குப் பின்னால் வந்த ஆனி மாதம் செழியன் போய்விட்டான்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடையில் இருக்கிறது அவர்கள் ஊர். மேட்டூரில் திறந்த தண்ணீர் இன்ன நாளில் வந்து சேரும் என்று வருஷா வருஷம் சொல்வார்கள்; சொன்ன நாளில் வந்ததாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அதனால் அந்த வருஷமும் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த வாய்க்காலில்தான் பிள்ளைகளின் விளையாட்டு. ரோட்டுக்கு அடியில் போகும் சிமெண்ட் குழாய்க்குள் குளுகுளுவென்றிருக்கும். செழியன் அதற்குள் படுத்துத் தூங்கிவிட்டான். அந்த வருஷம் பார்த்துத் தண்ணீர் சொன்ன நாளுக்கே வந்தது. குழாயின் ஒரு வாயைச் செத்தையும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்டன. ஊர் சனம் மேலே மதகடியில் நின்று பூவும் நெல்லும் தூவித் தண்ணீரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

அதிலிருந்து அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. துபாயில் இருக்கும் அண்ணன் பிரபு போன் செய்தால் நடவைப் பற்றிப் பேசுவான், மோட்டாரைப் பற்றிப் பேசுவான். தெருவில் மற்ற பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கூப்பிடும்போதுகூட, ஈஸ்வரி நிற்பது கண்ணில் பட்டால் குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

நடிகை மறுபடி வந்து பேசும்வரை இருக்கட்டும் என்றுதான் ஜெயபாரதி அந்த மெசேஜை எடுத்துக் காட்சியில் போட்டாள். மூன்று கூப்பாட்டையும் வைத்தாள். பிள்ளையின் பதிலை வெட்டினாள். பதில் இருந்த இடத்தில் தோப்பின் சத்தத்தை நிரப்பி, அந்த மௌனத்தைத் தாங்க முடியாத அளவுக்கு இழுத்தாள். போட்டுப் பார்த்தபோது தயாரிப்பாளர் தன்னை அறியாமல் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். அஸார் எழுந்தே நின்றுவிட்டார்.

"யாருங்க இது? இவங்கள விட்டுடாதீங்க பாரதி. இதுக்கு மேல ஒருத்தரும் பேச வேணாம், இதுவே இருக்கட்டும்."

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் படம் கையை விட்டுப் போய்விடுமோ என்று பயந்து, "ஊர்ல தெரிஞ்சவங்க சார். கேட்டுட்டு வரேன்" என்று மழுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி தியேட்டரில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டால் என்ன ஆவாள் என்பதே நினைப்பாக இருந்தது. கேட்காமல் போட்டால் துரோகம். கேட்டால் கொலை. கடைசியில் லேப்டாப்பையும், எப்போதும் பையிலேயே கிடக்கும் மைக், ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினாள்.

போய்ச் சேர்ந்தபோது ஈஸ்வரி கொல்லையில் உட்கார்ந்து மடவை மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். பின்னால் அதே வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நாத்தனாரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாடி. சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே. என்ன இப்புடி எளைச்சுப் போயிட்டே? சினிமாக்காரங்க சோறு போடுறதில்லையா?"

ஜெயபாரதி எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். "அண்ணி, ஒங்க கொரல ஒங்களக் கேக்காம ஒரு எடத்துல போட்டுட்டேன். பாருங்க. வேணாம்னா சொல்லுங்க, எடுத்துடுறேன்." அதற்கு மேல் விளக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஹெட்போனை அண்ணியின் காதில் மாட்டிவிட்டுப் படத்தை ஓடவிட்டாள்.

முதல் கூப்பாடு கேட்டதும் ஈஸ்வரியின் தலை சட்டென்று வாய்க்கால் பக்கம் திரும்பியது. பிறகு மெதுவாகத் திரைக்கு வந்தது. இரண்டாவது. மூன்றாவது. அதற்குப் பிறகு அந்த நீண்ட மௌனம். கை நிறைய மீன் செதிலோடு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். படத்தின் பெயர் வந்து மறைந்த பிறகும் காத்திருந்தாள்.

"எங்க?" என்றாள்.

"என்ன அண்ணி?"

"அவன் சொன்னது. இதுல அவன் பதில் சொல்லுவான்டி. தோ வந்துட்டேம்மான்னு சொல்லுவான். ஒனக்குப் பொடவ கலர் கேட்டேனே, அன்னிக்கு."

ஜெயபாரதி ஹெட்போனைக் கழற்றி வாங்கினாள். குரலுக்காகச் சண்டை வரும், அழுகை வரும் என்றெல்லாம் எண்ணி வந்திருந்தாள். இதை எண்ணவில்லை. "பதில் வந்துட்டா பாக்குறவங்களுக்குப் பயம் போயிடும் அண்ணி. அதான் வெட்டிட்டேன்."

"வெட்டிட்டியா" என்றாள் ஈஸ்வரி. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஜெயபாரதிக்கு. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அண்ணன் மகனின் குரல் அவளுக்கு ஒரு தடங்கலாகப் பட்டிருக்கிறது. கையில் கத்தரியை வைத்துக்கொண்டு யோசிக்காமல் நறுக்கியிருக்கிறாள். போனை எடுத்து, முழு மெசேஜையும் அண்ணியின் காதருகே வைத்தாள்.

"தோ வந்துட்டேம்மா!"

ஈஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். திரும்பவும் போடச் சொன்னாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இத நீ போடக் கூடாது. இந்தக் கூப்பாட்டுக்கு அவன் வந்துட்டான். வந்து ரெண்டு வறுத்த மீன் கூடக் கேட்டு வாங்கித் தின்னான். வராத புள்ளைக்கு இதக் கொண்டுபோய் வைக்கிறியே, அது பொய்யில்ல?"

"எடுத்துடுறேன் அண்ணி. சத்தியமா."

"அவன் வராத கூப்பாடு எங்கிட்ட இருக்கு. அன்னிக்குக் கூப்புட்ட மாதிரியே கூப்புடுறேன், அத எடுத்துக்க."

ஜெயபாரதி பதறிப்போனாள். "வேணாம் அண்ணி. அய்யோ, அதெல்லாம் வேணாம். படம் எப்புடியோ போவட்டும்."

"ஒனக்காகன்னு நெனச்சியா?" ஈஸ்வரியின் குரல் முதன்முறையாக உடைந்தது. "அவனக் கூப்புட்டு எத்தன நாளாச்சு தெரியுமா பாரதி? வாய் வரைக்கும் வரும். கொல்லையில நின்னு கூப்புட்டா பைத்தியம் புடிச்சிருச்சும்பாங்க. ஒங்கண்ணன் வேலய விட்டுட்டு ஓடியாருவாரு. சினிமாவுக்குன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்ல?"

 பொழுது சாயும்வரை இருவரும் சமையலைப் பார்த்தார்கள். உலையில் அரிசி வெந்தது. மீன் குழம்பு கொதித்து இறங்கியது. ஜெயபாரதி கொல்லை வேலியருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, ரெக்கார்டரை ஓடவிட்டாள். ஈஸ்வரி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி கொல்லைக் கதவுக்கு வந்தாள்.

"தம்பீ, சாப்புட வா."

அதில் பயம் இல்லை, அழுகை இல்லை. சோறு ஆறுகிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் நின்றது.

"தம்பீ! எத்தன தடவடா கூப்புடுறது?"

வாய்க்காலைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றாள். பிறகு அலுத்துக்கொண்டாள். "வராட்டிப் போ. பசிச்சா தானா வருவே. எனக்கென்ன வந்துச்சு." சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். தண்ணீர் வந்த அன்றைக்கும் இப்படித்தான் உள்ளே போயிருக்கிறாள்.

கதவு திறந்தே கிடந்தது. அஸார் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த காட்சி இதுதான் என்று ஜெயபாரதிக்குத் தெரிந்தது. இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மூச்சுக்கூட விடாமல் அந்த மௌனத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஹெட்போனில் தண்ணீர் குழாய்க்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறும் சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றபாடில்லை. தியேட்டரில் நூறு பேரை உறைய வைக்க இழுத்து இழுத்து அவள் செய்த மௌனத்தை இப்போது அவளாலேயே நின்று கேட்க முடியவில்லை.

"தோ வந்துட்டேன் அண்ணி!" என்று கத்திவிட்டாள்.

ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. பதிவு பாழ்.  உள்ளே தட்டை எடுத்துத் தரையில் வைக்கும் ஓசை கேட்டது.

"கையக் கழுவிட்டு வா" என்றாள் ஈஸ்வரி.