பெயர் போடாத ஏரி

வேலூரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் 'ஏரிக்காற்று' பத்திரிகையின் ஆசிரியை நேரிலேயே ஆரணிக்கு வருகிறார் என்று ஆன்சன் சொன்னதும் கலையரசி கேட்ட முதல் கேள்வி, "எதுக்கு?"

"நம்மகிட்ட பேசத்தான்கா. படகு வெச்சிருக்கிறவங்களுக்குப் பத்திரிகையில இன்னா வேணும்னு ஊர் ஊரா கேட்டுகினு வராங்களாம்."

"அதைப் போன்ல கேட்டா ஆவாதா?"

ஆன்சன் சிரித்தான். செய்யாறு தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். கலையரசிக்கு ஆரணியில் ஒரு பட்டுச்சேலை மொத்தக் கடையில் பில் போடும் வேலை. மழைக்குப் பின் ஏரிகள் நிறைந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொள்வார்கள். ஆன்சனின் பழைய ஆம்னி வேனின் மேல் கயாக் என்னும் ஒற்றையாள் துடுப்புப் படகுகளைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். மீன் பிடிக்க அல்ல, போட்டிக்கும் அல்ல. தண்ணீர் மேல் இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டுவிட்டு வீடு திரும்புவார்கள்.

கலையரசியின் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. போன வருடம் ஆன்சன் எடுத்த ஒரு படத்தை அந்தப் பத்திரிகை பெரிதாகப் போட்டது. ஆலடி ஏரி என்று பெயரும், எந்தச் சாலையில் திரும்ப வேண்டும் என்ற விவரமும் கூடவே வந்தன. பொங்கலுக்குள் அங்கே கார்கள் வரிசை கட்டின. கரை முழுக்க உடைந்த பாட்டில். பச்சையம்மாள் என்கிற பெண்ணின் எருமைக்குக் குளம்பில் கண்ணாடி ஏறிவிட்டது. அதுவரை இவர்களுடைய வேனுக்குக் காவல் இருந்தவள் அவள்தான். இனிமேல் எவனும் இங்கே படகு இறக்கக் கூடாது என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். பச்சையம்மாள் கலையரசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது கலையரசிக்கு இன்னும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஓட்டல் மாடியில் கூடினார்கள். ஆசிரியையின் பெயர் லாவண்யா. முப்பது வயதுக்குள் இருக்கும். வெயிலில் கறுத்த கைகள், சிரித்த முகம். காபி வந்ததும் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எங்க பத்திரிகை வந்தா எதைப் படிக்கிறீங்க, எதைத் தள்ளிட்டுப் போறீங்க?"

அவர்களில் ஒருவரான பள்ளி ஆசிரியர் அடைக்கலசாமி தொண்டையைச் செருமினார். "வெளிநாட்டுப் படகைப் பத்தி நாலு பக்கம் போடுறீங்க. எங்க படகு அடியில கீறல் விட்டா எதை வெச்சு அடைக்கிறதுன்னு அரைப்பக்கம் போடலாமில்ல?"

எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று போட வேண்டும் என்றார் ஒருவர். ஆன்சனுக்குத் தன் படம் அட்டையில் வர வேண்டும். எல்லோரும் சிரித்தார்கள். லாவண்யாவும் சிரித்தாள். பிறகுதான் கேட்டாள்.

"இப்ப எந்த ஏரிக்குப் போறீங்க? கார் கரை வரைக்கும் போகுமா? பக்கத்துல நிலமெல்லாம் யாருது?"

கலையரசி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். படகு விடுகிறவர்களுக்கு நிலம் யாருடையது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

சற்று நேரத்தில் லாவண்யாவுக்கு ஒரு போன் வந்தது. அவள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனாள். கை கழுவப் போகிறவள் போலக் கலையரசியும் எழுந்தாள். "கரையோரம் ரெண்டு ஏக்கரா சார்... போட்டோ இன்னும் எடுக்கலை... பார்த்துட்டுச் சொல்றேன்" என்பது மட்டும் காதில் விழுந்தது.

அது போதுமாக இருந்தது. லாவண்யா திரும்பி வந்து உட்கார்ந்ததும் கலையரசி தானாகவே சொன்னாள்.

"இப்பல்லாம் நாங்க போறது களம்பூர் பக்கம் சித்தேரிக்குத்தாங்க. தெக்குக் கரையில இறக்கினா நல்லா இருக்கும்."

ஆன்சன் வாயைத் திறந்தான். கலையரசி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அவர்கள் உண்மையில் போய்க்கொண்டிருந்தது பெரணமல்லூர் பக்கம் உள்ள அத்தி ஏரிக்கு. சித்தேரியில் தண்ணீருக்குள் வேலிகாத்தான் முள்மரங்கள் வெட்டியும் வெட்டாமலும் மூழ்கிக் கிடந்தன. ஒரே ஒரு முறை போய், படகின் அடியைக் கிழித்துக்கொண்டு திரும்பியிருந்தாள் கலையரசி. லாவண்யா இதையே பத்திரிகையில் போடட்டும், வருகிற கூட்டம் கரையிலிருந்தே பார்த்துவிட்டு ஓடட்டும் என்று நினைத்தாள். அன்றிரவு நன்றாகவே தூங்கினாள்.

மறுநாள் காலை அவள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஆன்சன் போன் செய்தான்.

"அக்கா, அந்தம்மா வேலூருக்குப் போவல. லாட்ஜில தங்கிட்டு இருந்திருக்காங்க. காலையில எனக்குப் போன் பண்ணி சித்தேரிக்கு வழி கேட்டாங்க. கார்ல காத்தடிக்கிற படகு வெச்சிருக்காங்களாம்."

"நீ இன்னா சொன்ன?"

"வழி சொல்லிட்டேன். அப்புறம்தான் படகு விஷயத்தைச் சொல்லிட்டு லைனை வெச்சிட்டாங்க. இப்ப போன் போட்டா எடுக்கல."

காற்றடித்த ரப்பர் படகு, அடியில் முழுக்க முள். "வேனை எடுத்துகினு ஜல்தி வா. என் படகு மேலேயே இருக்குதில்ல?" என்றாள்.

களம்பூர் அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றிவந்த லாரிகள் சாலையை அடைத்து நின்றன. ஆன்சன் ஹாரனை விடாமல் அடித்தான். "ஒண்ணும் ஆயிருக்காதுக்கா" என்று அவன் சொன்னது தனக்கே சொல்லிக்கொண்டது போலிருந்தது.

தெற்குக் கரையில் லாவண்யாவின் கார் நின்றது. தூரத்தில் தண்ணீர் மேல் மஞ்சளாக ஏதோ சுருண்டு மிதந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த கிளையைப் பிடித்தபடி மார்பளவுத் தண்ணீரில் அவள் நின்றிருந்தாள். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாள்.

"கால் மாட்டிகிச்சு! இழுத்தா குத்துது!" என்று கத்தினாள்.

"இழுக்காதீங்க! அப்படியே நில்லுங்க!"

கலையரசி கயாக்கை இறக்கி ஏறினாள். வேகமாகத் துடுப்புப் போட முடியவில்லை. துடுப்பைக் குச்சி போல முன்னால் விட்டுத் தடவித் தடவி, மரம் இல்லாத இடமாகப் பார்த்துப் போனாள். ஒரு இடத்தில் அடியில் கரகரவென்று தேய்த்தது. அருகே போனதும் படகைக் கிளையோடு கட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். கலையரசி மூச்சைப் பிடித்து மூழ்கிக் கையால் தேடினாள். சுடிதாரின் கால் இரண்டு கிளைகளுக்கு நடுவில் முறுக்கிக்கொண்டிருந்தது. படகிலிருந்து எடுத்து இடுப்பில் செருகியிருந்த கத்தியால் துணியை அறுத்தாள். மூன்றாவது முறை மூழ்கியபோது கால் விடுபட்டது.

கரைக்கு வந்து, ஆன்சன் கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டு லாவண்யா உட்கார்ந்தாள். கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது. கலையரசி முள்ளைப் பிடுங்கிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்.

"நான் உங்ககிட்ட பொய் சொன்னேங்க. நாங்க இங்க வர்றதே இல்ல."

"தெரியும்."

கலையரசி நிமிர்ந்தாள்.

"நீங்க சொன்னப்ப இவரு முகம் போன போக்கைப் பார்த்தேன். ஏதோ சரியில்லைன்னு தோணிச்சு. அதான் அச்சுல போடறதுக்கு முன்னாடி நானே இறங்கிப் பார்க்கலாம்னு வந்தேன். முள்ளு இருக்கும்னு மட்டும் நினைக்கல."

"செத்துப் போயிருந்தா?"

"நீங்க ஏன் பொய் சொன்னீங்க? அதைச் சொல்லுங்க."

கலையரசி ஆலடி ஏரியைச் சொன்னாள், எருமையைச் சொன்னாள், பச்சையம்மாள் முகத்தைத் திருப்பியதைச் சொன்னாள். கடைசியாக, படிக்கட்டில் கேட்ட பேச்சையும் சொன்னாள். "ரெண்டு ஏக்கரா இன்னாத்துக்குங்க? பிளாட் போடவா?"

லாவண்யா அறுந்த துணியை முறுக்கிப் பிழிந்தாள்.

"ஆமாம்கா. மனை விக்கிறவர் ஒருத்தர். வருஷம் பூரா பின்னட்டை விளம்பரம் தர்றேன்னு சொல்றாரு. படகுக்காரங்க எந்தக் கரைக்கு வர்றாங்கன்னு அவருக்குத் தெரியணுமாம். விளம்பரம் இல்லாம அடுத்த இதழே கஷ்டம்."

"அவருகிட்ட சொல்லப் போறீங்களா?"

"நேத்து ராத்திரி வரைக்கும் எனக்கே தெரியாது. தண்ணியில நின்னப்பவும் அதைப் பத்தி யோசிக்கல, பயம்தான் இருந்துச்சு. இப்ப உங்க மூஞ்சியைப் பார்த்தப்புறம் அவருகிட்ட சொல்ல மனசு வரல."

அந்த வார்த்தையைக் கலையரசி முழுதாக நம்பவில்லை. ஆனால் பொய் சொல்ல நினைப்பவள் 'ஆமாம்' என்று ஆரம்பித்திருக்க மாட்டாள் என்று பட்டது. அவளைக் களம்பூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போய் ஊசி போடவைத்தாள். அன்று கடைக்குப் போகவில்லை.

அடுத்த இதழ் மெலிதாக வந்தது. பின்னட்டையில் ஒரு துணிக்கடை விளம்பரம், அதுவும் கறுப்பு வெள்ளையில். கலையரசி ஒவ்வொரு பக்கமாக, குற்றம் தேடுகிறவளைப் போல வாசித்தாள். ஏரிகளின் பெயர் எங்கும் இல்லை. மூழ்கிய மரத்தை எப்படி அடையாளம் காண்பது, மதகுப் பக்கம் நீர் எப்படி இழுக்கும், ஊராரிடம் கேட்காமல் ஏன் இறங்கக் கூடாது என்று எட்டுப் பக்கம் இருந்தது. படகுக் கீறலை அடைப்பது பற்றி அடைக்கலசாமியே எழுதியிருந்தார். ஆன்சன் எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும் பெரணமல்லூர் போகும் பஸ்ஸின் பெயர்ப்பலகை பாதி தெரிந்தது. அப்போதே லாவண்யாவுக்குப் போன் போட்டாள்.

"அந்தப் பஸ்ஸை வெச்சு ஊரைக் கண்டுபிடிச்சிடுவாங்க. பார்க்கலையா நீங்க?"

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அக்கா, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களே ஒருதடவை பார்த்துக் குடுங்களேன். எங்க ஆளுங்க எல்லாரும் எல்லாத்தையும் நம்பிடுறாங்க."

கலையரசி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். ஒரு வாரம் கழித்து ஒப்புக்கொண்டாள், விளம்பரங்களையும் தனக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. லாவண்யா முதலில் அனுப்பியது ஆன்சன் எழுதிய கட்டுரை. புயல் நாளில் அத்தி ஏரியைத் தனியாகக் கடந்ததாக, ஏரியின் பெயரை மட்டும் விட்டுவிட்டு எழுதியிருந்தான்.

கலையரசி அவனைக் கூப்பிட்டாள். "புயல் அன்னைக்கு நீ ஷிப்ட்லதான இருந்த?"

"கொஞ்சம் கதையும் வேணாமாக்கா?"

"வேணாம்" என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பினாள்.