கைராசிக்காரரின் டிராக்டர்

மாப்பிள்ளைக்கு ஒரு பெயர் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் அது கடைசியாக அச்சானது. மாமனார் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு, மாமனார் கூப்பிடுவதைக் கேட்டுப் பால்காரர் 'மாப்பிள்ளை' என்றார். பால்காரரைக் கேட்டுத் தபால்காரர், தபால்காரரைக் கேட்டுத் தெருவே அப்படிக் கூப்பிட்டது. இப்போதெல்லாம் அலுவலகத்தில் யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

மாமனார் அவரிடம் ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. சிக்கலே அதுதான். வாங்க போங்க என்று சொல்லிக்கொண்டே ஒரு மனிதனை எவ்வளவு ஆழத்தில் புதைக்க முடியும் என்பதை அந்த வீட்டில்தான் பார்க்க வேண்டும். "நீங்க உக்காருங்க மாப்பிள்ளை, இதெல்லாம் தெரிஞ்சவங்க செய்யற வேலை" என்பார். வேலை, பல்பு மாட்டுவது.

வீட்டுக்குப் பின்னால் பழமரத் தோட்டம். மரங்களுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குப் புல் வளரும். அதை வெட்டவும், உதிர்ந்த இலைகளைப் பின்வண்டியில் அள்ளவும் ஒரு குட்டி டிராக்டர் இருந்தது. மாமனார் வாலிபத்தில் வாங்கியது. ஒற்றை சிலிண்டர், ஓட்டை ஓட்டையாக இரும்பு இருக்கை, வயிற்றுக்கடியில் புல் வெட்டும் பிளேடு. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்ததாகச் சொல்வார்கள். மாப்பிள்ளையின் மனைவி சின்ன வயதில் அதன் பின்வண்டியில் உட்கார்ந்துதான் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாளாம்.

சனிக்கிழமை காலையில் மாமனார் அதில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். ஒரே திருப்பு, வண்டி கிளம்பிவிடும். கைராசி. வேறு யார் திருப்பினாலும் கிளம்பாது என்பது குடும்பத்தின் நம்பிக்கை. வேறு யாரையும் திருப்ப விட்டதே இல்லை என்பது நடப்பு. அந்தக் கைராசி தெரு முழுக்கப் பரவி, பக்கத்து வீட்டு வக்கீல் ஒரு கன்று நட்டால்கூட முதல் பிடி மண்ணை மாமனார்தான் போட வேண்டும் என்றாகிவிட்டது.

அந்தக் கைராசி எப்படி வேலை செய்தது என்பது இரண்டே பேருக்குத் தெரியும். சனிக்கிழமை விடியும் முன்பே மாப்பிள்ளை பூனைபோல் கொட்டகைக்குப் போவார். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, பிசினாகிப்போன பெட்ரோலைத் துடைப்பார். பிளக்கில் கரியைச் சுரண்டுவார். தீப்பொறிக்கு மின்சாரம் விட்டுப் பிடிக்கும் பாயின்ட் ஈரக்காற்றில் பூத்துப்போயிருக்கும்; அதை உப்புத்தாளால் தேய்த்து, சிகரெட் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி வைப்பார். அந்த டிராக்டரைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போனதால் உதிரிபாகம் என்ற பேச்சே இல்லை. வண்டிக்குள் ஒரு தையல் மிஷின் ஸ்பிரிங்கும், ஒரு குக்கர் வளையத்தின் துண்டும், மாமியாரின் கைப்பையிலிருந்து வெட்டிய தோலும் குடியிருந்தன. அந்தக் கைப்பையை மாமியார் சாகும்வரை தேடிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்து, எல்லோரும் எழுந்த பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டே வருவார். பகலில் வண்டியை வெளியே துடைக்க மட்டும் அவருக்கு அனுமதி. "மாப்பிள்ளை நல்லாத் தூங்கினீங்களா?" என்பார் மாமனார். வேலை இழுத்துக்கொண்டு போனால், மனைவி தன் அப்பாவைக் காபியில் பிடித்து நிறுத்துவாள். சர்க்கரை போட மறப்பாள், போட்டு வருவாள், ஆறிவிட்டதென்று மறுபடி சுட வைப்பாள்.

இதெல்லாம் கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை வண்டி கிளம்பவில்லை. யார் பக்கமும் திரும்பாமல் அந்த இரும்பு இருக்கையிலேயே உட்கார்ந்திருந்த மாமனாரின் பிடரியைப் பார்த்து மாப்பிள்ளைக்கு என்னவோ செய்துவிட்டது. மத்தியானம் அவர் தூங்கும்போது கொட்டகைக்குள் போய், மூன்றைக் கெடுத்து நான்கைச் சரிசெய்தார். மறுநாள் வண்டி கிளம்பியதும் மாமனார் திரும்பிப் பார்த்த முகம் இருக்கிறதே, அதைப் பார்த்தது தப்பாகப் போயிற்று. நல்லதைச் சொல்லாமல் செய் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் மாமனார் வீட்டில் இருந்து பார்த்ததில்லை.

பிளேடு தட்டைத் தனியாளாகத் தூக்கித் தூக்கி, கடைசியில் குடலிறக்கம் வந்தது. தண்ணீர் கேன் தூக்கினேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆப்பரேஷன் செய்துகொண்டார். மாடியை விட்டு இறங்கக் கூடாது என்றார் டாக்டர்.

முதல் சனிக்கிழமை வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது. அடுத்த சனிக்கிழமை மழைக்காற்று. மாடியில் படுத்திருந்த மாப்பிள்ளைக்கு ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டது. செல்ஃப் சுற்றியது, நின்றது. மறுபடி சுற்றியது. பாயின்ட் பூத்திருக்கும் என்று படுத்தபடியே அவருக்குத் தெரிந்தது. பேட்டரி சக்தி இறங்கும்வரை கிழவர் விடவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் விடவில்லை. ஒருநாள் சத்தம் நின்று, பேச்சு கேட்டது.

"உன் புருஷன் கைதாம்மா. துடைக்கிறேன் துடைக்கிறேன்னு எப்பப் பாத்தாலும் அது பக்கத்துலயே நின்னா? மாப்பிள்ளையைக் குறை சொல்லல. தங்கமான மனுஷன். கைதான் ராசியில்ல."

மாப்பிள்ளை தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். மனைவி இப்போது சொல்லிவிடுவாள். ஒரு வரி போதும். வண்டி வேண்டாம், தோட்டம் வேண்டாம், அந்த ஒரு வரியை யாராவது ஒருமுறை சத்தமாகச் சொன்னால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"விடுங்கப்பா," என்றாள் அவள். "அவர் என்ன, தெரிஞ்சா செஞ்சார்?"

மருந்து கொடுக்க அவள் மேலே வந்தபோது மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு?"

"யாரு கைன்னு."

"இந்த வயசுல அவர்கிட்டப் போயி, இத்தன நாளா உங்க கை இல்லப்பான்னு சொல்லவா? அப்புறம் அவருக்குன்னு என்னங்க இருக்கு?"

"எனக்குன்னு என்ன இருக்கு?"

"உங்களுக்கென்ன, ஆயிரம் இருக்கு."

"ஒண்ணு சொல்லேன்."

அவள் மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்தாள். யோசிப்பது தெரிந்தது. "முதல்ல உடம்பு தேறட்டும்," என்றாள்.

பழைய இரும்புக்கடை வண்டி மறுநாள் வந்தது. இரண்டு ஆட்கள் டிராக்டரைப் பலகையில் உருட்டி ஏற்றினார்கள். மாமனார் அந்தப் பக்கமே பார்க்காமல், தெருவில் போன நாயைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் ராசி போன பொருளைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு தூங்க அவரால் முடியாது. செத்ததை எடுத்துவிடத்தானே வேண்டும். அது சாகவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் மாடி ஜன்னலில் லுங்கியோடு நின்றார். கூப்பிட்டுத் தடுத்திருக்கலாம். அந்த ராசியில்லாத கை ஜன்னல் கம்பியைப் பிடித்ததோடு சரி.

ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் டாக்டரின் பேச்சையும் தையலையும் மறந்து மாடியிறங்கினார். மருந்துக்கடை என்று மனைவியிடம் சொன்னார். அவள் நம்பியதுபோல் தலையாட்டினாள்.

இரும்புக்கடைக்காரர் பேட்டரியை ஏற்கெனவே கழற்றி வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்.

"அதுக்கு உயிர் போயிடுச்சு சார். பெரியவரே சொன்னாரு."

"ஒரு ஸ்பேனர் குடுங்க. ஒரு பழைய பேட்டரியும்."

"வீணா மெனக்கெடாதீங்க. ஆப்பரேஷன் பண்ண ஆளு மாதிரி வேற நிக்கறீங்க."

மாப்பிள்ளை தகரத்துக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே குந்த முடியாமல் ஒரு பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்தார். கிண்ணம், பிளக், பாயின்ட். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க அந்த வேலையைச் செய்வது அதுதான் முதல் தடவை. கூச்சமாக இருந்தது. சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு.

"அடேயப்பா," என்றார் கடைக்காரர். "சாருக்கு நல்ல கைராசி."

இத்தனை காலம் ஏங்கிய சொல். அதை ஒரு கிலோ பித்தளைக்கும் சொல்லக்கூடிய மனிதர் சொன்னார். பாராட்டிய கையோடு, வாங்கியதற்கு மேல் எடுத்துக்கொண்டுதான் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

வீடுவரை ஓட்டிக்கொண்டே போவதென்று மாப்பிள்ளை முடிவு செய்தார். அந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. ஓடும்போது ஓடும். சூட்டோடு நிறுத்திவிட்டால், உள்ளே பெட்ரோல் ஆவியாகி, ஆறி அடங்கும்வரை யார் திருப்பினாலும் எழுந்திருக்காது. இதற்காகவே, 'புல் வெட்டும்போது நடுவில் நிறுத்தினால் ராசி கலைந்துவிடும்' என்று மனைவியின் மூலம் மாமனார் காதில் ஒரு சாஸ்திரத்தைப் போட்டு வைத்திருந்தார். சாஸ்திரம் இயற்றியவள் அவள்தான். கிழவர் தண்ணீர் குடிப்பதுகூட ஓடும் வண்டியில் உட்கார்ந்துதான்.

சிக்னலில் இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்ற டிராக்டரைப் பார்த்துப் பின்னால் பஸ் டிரைவர் கேட்டார், "என்னண்ணே, ரோட்டுல புல்லு முளைச்சிருக்கா?" மாப்பிள்ளை சிரித்தார். சிரித்தால் தையல் வலித்தது. ஆனாலும் சிரித்தார். தெருமுனை திரும்பும்போது மனசுக்குள் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. 'எப்படிக் கிளப்பினீங்க மாப்பிள்ளை?' என்று கேட்பார். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதான், மாமியாரின் கைப்பை உட்பட.

சத்தம் கேட்டு மாமனார் வாசலுக்கே வந்துவிட்டார். பின்னால் மனைவி. மதில்மேல் வக்கீல்.

கிழவர் டிராக்டரின் மூக்கைத் தடவினார். கண் கலங்கியிருந்தது. "பாத்தியாம்மா," என்றார் மகளிடம். "இரும்புக்கடைக்குப் போயும் என் பேரைக் காப்பாத்திட்டு வந்திருக்கு. அங்க எவன் கையோ பட்டுத் தோஷம் கழிஞ்சிடுச்சு." பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "கொண்டுவந்து சேர்த்ததுக்கு நன்றி மாப்பிள்ளை. நிறுத்திட்டு எறங்குங்க. மறுபடி என் கையால கிளம்பணும்."

எப்படிக் கிளப்பினீங்க என்ற கேள்வி வரவில்லை. வருமென்று இன்னும் கொஞ்சநேரம் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். 'சூடா இருக்கு மாமா, ஒரு காபி குடிச்சிட்டு வாங்க' என்றால் முடிந்தது. அந்த வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. மாப்பிள்ளை சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கினார்.

மாமனார் ஏறி உட்கார்ந்தார். சட்டைக்கையை மடித்தார். திருப்பினார்.

செல்ஃப் சுற்றியது. அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை பாருங்க சார்," என்றார் வக்கீல், மதில்மேலிருந்து.

இன்னொரு தடவை. அப்புறம் இன்னொன்று. மாமனார் சாவியை விட்டுவிட்டு, மறுபடி பிடித்து, மெதுவாக, குழந்தையைத் தாஜா செய்வதுபோல் திருப்பினார். மனைவி படியில் நின்று புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் நகக்கண்ணில் இருந்த கிரீஸை அக்கறையாகத் தோண்டினார். வக்கீல் மதிலிலிருந்து இறங்கிப் போய்விட்டார். நல்ல மனிதர், பார்க்கக் கூடாததைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டார்.

மாமனார் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி வைத்துவிட்டதுபோல.

"நீங்கதானே ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஆமா மாமா."

"உங்க கைக்கு வந்துச்சு."

 கிழவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சாவியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இனிமே நீங்களே பாத்துக்குங்க."

அந்த 'நீங்க'வுக்கு அடியில் எதுவும் புதைந்திருக்கவில்லை. வெறும் மரியாதை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மாப்பிள்ளை சாவியோடு நின்றார்.

அதன் பிறகு வக்கீல் மாங்கன்று வைக்கக் கூப்பிட்டபோது மாமனார் சொன்னார்: "மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க. இப்ப அவர் கைதான்." கிண்டலில்லை. மனதாரச் சொன்னார். கூடத்துச் சுவர்க் கடிகாரத்துக்குத் தன் கையால் சாவி கொடுப்பதையும் விட்டார். அது நின்ற மணியிலேயே நின்றது.

சனிக்கிழமை மாப்பிள்ளை விடிந்த பிறகே கொட்டகைக்குப் போனார். ஒளிய வேண்டிய அவசியம் இல்லை. மனைவி காபி கொண்டுவந்தாள்.

"அன்னைக்கு வண்டி சூடா இருந்துச்சு," என்றாள்.

"ம்."

"உங்களுக்குத் தெரியும்."

"உனக்கும்தான் தெரியும். நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. நானும் ஒருநாள் மாடியில் அப்படித்தான் காத்திருந்தேன் என்று சொல்லலாம். சொல்லவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. அவளாவது போய்ச் சுட வைத்துத் தருவாள் என்று பார்த்தார். அவள் நின்றபடியே மாமரங்களைப் பார்த்தாள்.

"அப்பா ஒண்ணு சொல்லச் சொன்னார்."

"என்ன?"

"புல்லுக்கு இனிமே ஆள் வச்சுக்கலாமாம். கைமிஷின் வச்சிருக்கிறவங்க வருவாங்களாம். 'மாப்பிள்ளைக்கு எதுக்குச் சிரமம்'னார்."

"சரி," என்றார் மாப்பிள்ளை.

அவள் போன பிறகு, கழற்றிய பிளக்கைத் துடைத்து மறுபடி மாட்டினார். இனி அதை யாரும் கிளப்பப்போவதில்லை என்று தெரிந்தும் நன்றாகவே மாட்டினார்.